பிறப்பிடம்: ஊட்டியில் ஒரு பகலும் கோத்தகிரியில் ஓர் இரவும்

கோயம்புத்தூருக்குத் தாவரவியல் படிக்க வந்து ஒன்றரை ஆண்டு ஆன பிறகும் நான் ஊட்டிக்குப் போகவில்லை என்று சொன்னால் விடுதியில் ஒருவரும் நம்புவதில்லை. காலையில் பஸ் ஏறினால் மாலையில் திரும்பிவிடக்கூடிய தூரம்தான். ஆனால் மலையைப் பார்ப்பதற்கென்றே ஒருவர் காசு செலவழித்துப் போவது எனக்கு விளங்காத விஷயமாக இருந்தது. இலங்கை மலையகத்தில், ஹட்டனுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில் பிறந்து வளர்ந்தவள் நான். மூன்று நாளானாலும் காயாத துணியும், பத்தடி தள்ளி நிற்கும் ஆளை மறைக்கும் பனியும், அட்டைக்கடியும் எனக்குச் சுற்றுலா அல்ல. அவற்றையெல்லாம் விட்டுவிட்டு வெயில் காயும் ஊருக்கு வந்து சேர்ந்ததில் எனக்கு உள்ளூர ஒரு மகிழ்ச்சிகூட இருந்தது.

ஐப்பசிக் கடைசியில் ஒரு வியாழக்கிழமை நான் புறப்பட்டதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. முதலாவது, எங்கள் ஆசிரியை கொடுத்த ஒப்படைப்பு. ஊட்டி அரசு தாவரவியல் பூங்காவில் இருபது மரங்களைத் தேர்ந்தெடுத்து, தமிழ்ப்பெயர், அறிவியல் பெயர், குடும்பம், பிறப்பிடம் என்று நான்கு பத்திகளில் எழுதிக் கொண்டுவர வேண்டும். இரண்டாவது காரணம் என் அம்மாயி. ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் தொலைபேசியில் சாப்பாடு, படிப்பு, காய்ச்சல் ஆகியவற்றை விசாரித்து முடித்த பிறகு அவர் கேட்கும் கடைசிக் கேள்வி ஒன்று இருந்தது: "தங்கச்சியப் போயிப் பாத்தியா புள்ள?" அம்மாயியின் தங்கை 1974ஆம் ஆண்டு தன் கணவருடன் கப்பலேறி இந்தியாவுக்கு வந்தவர். அப்போது என் அம்மா கைக்குழந்தை. குன்னூர்ப் பக்கம் அரசுத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்து ஓய்வு பெற்று, இப்போது கோத்தகிரியில் மகனோடு இருக்கிறார். முகமே தெரியாத ஒருவரின் வீட்டுக் கதவைப் போய் எப்படித் தட்டுவது என்ற கூச்சத்தில் நான் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்திருந்தேன். அன்றைய திட்டத்திலும் கோத்தகிரி இல்லை என்பதை இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும். காலையில் பூங்கா, மதியம் அருங்காட்சியகம், இருட்டுவதற்குள் விடுதி என்பதுதான் என் கணக்கு.

மேட்டுப்பாளையம் வரைக்கும் சொல்ல ஒன்றுமில்லை, நான் தூங்கிவிட்டேன். கல்லாற்றில் பாக்குத் தோப்புகளின் குளிர்ச்சி சன்னல் வழியாக முகத்தில் பட்டபோதுதான் விழித்தேன். அங்கிருந்துதான் மலை ரயிலின் பற்சட்டம் தொடங்குகிறது. இரண்டு தண்டவாளங்களுக்கு நடுவே பல் வைத்த இரும்புச் சட்டம் ஒன்றைப் பதித்திருக்கிறார்கள். எஞ்சினின் பற்சக்கரம் அதைப் பற்றிக்கொண்டு, பன்னிரண்டு அடி நகர்ந்தால் ஓர் அடி உயரம் என்ற செங்குத்தான ஏற்றத்தில் ஏறுகிறது. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரை 1899லும், ஊட்டி வரை 1908லும் ரயில் ஓடத் தொடங்கியது. யுனெஸ்கோ 2005இல் இதை உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றது. எங்கள் ஊர்க் கோச்சி பல்லும் இல்லாமல் சட்டமும் இல்லாமல், மலையைச் சுற்றிச் சுற்றிச் சாதாரணத் தண்டவாளத்திலேயே 1,897 மீட்டர் உயரத்திலுள்ள பட்டிப்பொல நிலையம் வரை ஏறிவிடும் என்று பக்கத்து இருக்கைக்காரரிடம் பெருமையாகச் சொன்னேன். அவர் மரியாதைக்குத் தலையாட்டிவிட்டு மறுபடியும் கைப்பேசிக்குள் போய்விட்டார். வெளிநாட்டில் படிப்பவர்களுக்கு இந்த நோய் உண்டு. எதைப் பார்த்தாலும் ஊரில் உள்ள ஒன்றை எடுத்துப் பக்கத்தில் வைத்து அளந்து பார்ப்போம். இங்குள்ள தொட்டபெட்டாச் சிகரம் 2,637 மீட்டர், எங்கள் பீதுருதலாகலை 2,524 மீட்டர். இந்தத் தோல்வியை நான் பள்ளிக்கூடத்திலேயே ஏற்றுக்கொண்டுவிட்டேன்.

குன்னூரைத் தாண்டி, அருவங்காடு, கேத்தி வழியாக ஊட்டி சேரும்வரை வானம் துடைத்து வைத்தாற்போல் இருந்தது. வங்கக்கடலில் தாழ்வுப் பகுதி ஒன்று உருவாகியிருப்பதாக நடத்துநர் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தது காதில் விழத்தான் செய்தது. மலைநாட்டுக்காரிக்கு யார் மழையைப் பற்றிச் சொல்லித் தர வேண்டும் என்ற திமிரில் குடைகூட எடுத்து வராமல் இருந்தேன்.

பூங்காவுக்குள் நுழைந்து, புல்வெளியைக் கடந்து, மேல்நோக்கிய பாதையில் நடக்கத் தொடங்கியதும் எனக்கு ஒரு தடுமாற்றம் ஏற்பட்டது. இந்த இடத்தை எனக்குத் தெரியும் என்று தோன்றியது. மலைச்சரிவைப் படிப்படியாக வெட்டி அமைத்த பாத்திகள், ஈரக் கல்லில் ஒட்டிய பாசி, கண்ணாடிக் கூரை வீட்டுக்குள் புழுங்கும் மண்வாசம் எல்லாம் நுவரெலியாவுக்குப் பக்கத்திலுள்ள ஹக்கல பூங்காவை எடுத்து இங்கே வைத்தாற்போல் இருந்தன. பிறகு யோசித்தபோது அதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை என்று புரிந்தது. இரண்டும் ஒரே கையெழுத்தில் எழுதப்பட்டவை. ஊட்டியில் குடியேறிய ஐரோப்பியர்கள் சந்தா போட்டுக் காய்கறி வளர்த்த இடத்தை, இங்கிலாந்தின் கியூ தோட்டத்தில் பயின்ற வில்லியம் கிரகாம் மெக்ஐவர் 1848இல் பொறுப்பேற்று, சதுப்பும் புதருமாகக் கிடந்த தொட்டபெட்டாச் சரிவைப் பத்தாண்டுக் காலத்தில் பூங்காவாக மாற்றினார். ஹக்கல பூங்கா 1861இல் தொடங்கியது, சிங்கோனா மரத்தைப் பயிரிட்டுப் பார்ப்பதற்காக. அதே மரத்தைத்தான் தென்னமெரிக்காவின் ஆண்டீஸ் மலையிலிருந்து கிளெமென்ட்ஸ் மார்க்கம் 1860இல் ஊட்டிக்குக் கொண்டுவந்து மெக்ஐவரிடம் ஒப்படைத்தார். மலேரியாக் காய்ச்சலுக்குக் கொயினா தரும் பட்டை அந்த மரத்தில்தான் இருந்தது. காய்ச்சலில் படைவீரர்களையும் அதிகாரிகளையும் இழந்துகொண்டிருந்த ஒரு பேரரசுக்கு அந்தப் பட்டை பீரங்கிக்கு நிகரான ஆயுதம்.

மெக்ஐவரைப் பற்றி வகுப்பில் படித்த ஒன்று எனக்கு எப்போதும் பிடிக்கும். பட்டைக்காக மரத்தை வெட்டிச் சாய்க்காமல், நீளவாக்கில் கீற்றுக் கீற்றாகப் பட்டையை உரித்துவிட்டு, உரித்த இடத்தில் ஈரப் பாசியை வைத்துக் கட்டினால், அதற்கடியில் புதிய பட்டை வளர்ந்துவிடும் என்று அவர் செய்து காட்டினார். காயத்துக்குக் கட்டுப்போடுவது போன்ற வேலை. பாசி இங்கே காசு கொடுத்து வாங்க வேண்டிய பொருளும் அல்ல. தொட்டபெட்டாவிலும் நடுவட்டத்திலும் வளர்ந்த அந்தச் சிங்கோனாத் தோட்டங்களில் சீனக் கைதிகள் வேலை வாங்கப்பட்டார்கள் என்பதையும் அதே பாடத்தில்தான் படித்தோம். மரம் ஆண்டீஸிலிருந்து, பயிரிட்டவர் கியூவிலிருந்து, மண் வெட்டியவர்கள் சீனாவிலிருந்து. நீலகிரிக்குச் சொந்தமாக அந்தத் தோட்டத்தில் இருந்தது குளிரும் பாசியும் மட்டும்தான் போலும்.

குறிப்பேட்டை எடுத்து வேலையைத் தொடங்கினேன். குரங்கே ஏறத் தயங்கும் அளவுக்கு முள்ளிலை கொண்ட அரோகேரியா மரம், பிறப்பிடம் சிலி, அர்ஜென்டினா. பாட்டில் தக்கை செய்யப் பயன்படும் கார்க் மரம், மத்தியதரைக் கடலோரம். காகிதம் காகிதமாகப் பட்டை உரியும் மரம், ஆஸ்திரேலியா. சைப்ரஸ், கலிபோர்னியா. கற்பூர மரம், மறுபடியும் ஆஸ்திரேலியா. யூகலிப்டஸைத்தான் இங்கே கற்பூர மரம் என்கிறார்கள். எங்கள் பக்கத்தில் டர்பன்டைன் மரம். 1843இல் நீலகிரிக்கு வந்த இந்த மரமும், அதோடு சேர்ந்து பரவிய சீகை மரமும் விறகுக்காகக் கொண்டுவரப்பட்டவை. இன்று இவை இல்லாத ஊட்டியைக் கற்பனை செய்வது கடினம் என்றாலும், சோலைக்காடுகளுக்கு இடையே கிடந்த புல்வெளிகளை விழுங்கியதில் இவற்றுக்குப் பெரிய பங்கு உண்டு. பதினோராவது மரத்தை எழுதி முடித்தபோதுதான், நான்காம் பத்தியில் நீலகிரி என்றோ தமிழ்நாடு என்றோ ஒரு சொல்கூட விழவில்லை என்பதைக் கவனித்தேன்.

அந்த நேரத்தில் பாத்தியில் களை எடுத்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் நிமிர்ந்து, "எந்த ஊரும்மா?" என்று கேட்டார். ஹட்டன் என்றேன். "அது எங்க, கூடலூர்ப் பக்கமா?" என்று கேட்டார். இலங்கை என்று விளக்கியதும், "அதான் பார்த்தேன், பேச்சு கூடலூர்ச் சிலோன்காரங்க பேச்சு மாதிரியே இருக்கு" என்று சொல்லிவிட்டு மீண்டும் குனிந்துகொண்டார். இலங்கையில் எங்களை இந்தியக்காரர்கள் என்று சொன்னவர்கள் உண்டு. இங்கே வந்தவர்கள் ஐம்பது ஆண்டுகளுக்குப் பிறகும் சிலோன்காரர்கள். பெரியவர் அதில் குத்தல் எதையும் வைக்கவில்லை, அடையாளம் தெரிந்துகொண்ட திருப்தி மட்டுமே அவர் குரலில் இருந்தது.

பன்னிரண்டாவது மரத்தை அவர்தான் காட்டினார். "நம்ம மரம் வேணும்னா மேல போயிப் பாருங்க, காட்டுப்பூவரசு இருக்கு." மேல்பகுதியின் ஓரத்தில், முறுக்கிய கிளைகளும் வெடித்த பட்டையுமாக, உயரம் அதிகமில்லாத ஒரு மரம் நின்றது. பூக்கும் பருவம் இன்னும் வரவில்லை. ஆனால் இலையின் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தவுடனே எனக்குத் தெரிந்துவிட்டது. ஹோர்ட்டன் சமவெளியிலும் பீதுருதலாகலைச் சரிவிலும் சிவப்பாகப் பூக்கும் ரோடோடென்ட்ரான்தான் இது. சிங்களத்தில் மகா ரத்மல் என்பார்கள். ஒரே இனம், நீலகிரியில் ஒரு துணையினம், இலங்கையில் ஒரு துணையினம். அதன் நெருங்கிய உறவுகள் இமயமலையில் இருக்கின்றன, இடையிலுள்ள சமவெளி முழுவதிலும் ஒன்றுகூட இல்லை. குளிர் மிகுந்திருந்த பழைய காலத்தில் தெற்கே பரவி, பிறகு பூமி சூடானபோது மலையுச்சிகளில் மட்டும் தங்கிவிட்டது என்பது தாவரவியலாளர்கள் சொல்லும் விளக்கங்களில் ஒன்று. எந்தக் கப்பலும் ஏற்றாமல், எந்த அதிகாரியும் ஒப்பந்தம் போடாமல் இரண்டு மலையிலும் இருக்கும் மரம். அதன் பிறப்பிடப் பத்தியில் நான் என்ன எழுதினேன் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

பூங்காவுக்கு மேலே, சரிவின் உச்சியில் தோடர்களின் மந்து ஒன்று இருக்கிறது. பூங்காவைவிட மிகப் பழைய குடியிருப்பு அது. சிலர் கைப்பேசியைத் தூக்கிப் பிடித்தபடி அந்தப் பக்கம் ஏறிக்கொண்டிருந்தார்கள். நான் பாதையிலேயே நின்றுவிட்டேன். எங்கள் தோட்டத்து லயத்துக்கும் வெள்ளைக்காரச் சுற்றுலாப் பயணிகள் இப்படித்தான் வருவார்கள். கதவுக்கு வெளியே துணி துவைத்துக்கொண்டிருக்கும் அம்மாவை அவர்கள் படம் பிடித்தபோது எனக்கு வந்த கோபம் இன்னும் நினைவில் இருக்கிறது.

எனவே தோடர் வீட்டை நான் முத்தோரை பாலாடாவில்தான் பார்த்தேன். ஊட்டியிலிருந்து சுமார் பத்து கிலோமீட்டர். வழியெல்லாம் கேரட், முட்டைக்கோஸ், உருளைக்கிழங்குத் தோட்டங்கள். நிலத்திலிருந்து பிடுங்கிய கேரட்டை இயந்திரத்தில் போட்டுச் சுழற்றிக் கழுவி, செக்கச்செவேலென்று மூட்டை கட்டும் கொட்டகைகள். அங்குள்ள அரசுப் பழங்குடியினர் ஆய்வு மையத்தில் ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது. தமிழ்நாட்டின் பழங்குடிகளில் மிகவும் நலிவுற்ற பிரிவினராக அரசு வகைப்படுத்தியிருக்கும் தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் ஆகிய ஆறு பிரிவினரும் வாழும் மாவட்டம் நீலகிரி. அவர்களுடைய வீடுகளை அளவும் பொருளும் மாறாமல் வளாகத்துக்குள் கட்டி வைத்திருக்கிறார்கள். பாதியாக வெட்டிய பீப்பாயைக் கவிழ்த்தாற்போன்ற தோடர் வீட்டின் வாசல், தவழ்ந்துதான் போக வேண்டிய அளவுக்குச் சிறியது. புத்தகப் பையைக் கழற்றி வைத்துவிட்டு முழங்காலில் நுழைந்து உள்ளே சிறிது நேரம் உட்கார்ந்தேன். வெளியில் காற்று எழும்பத் தொடங்கியிருந்தது. உள்ளே அதன் ஓசைகூட இல்லை. காட்டு விலங்குக்காகவும் குளிருக்காகவும் அப்படி வாசல் வைத்தார்கள் என்று படித்ததை, அந்தக் கதகதப்பில் உட்கார்ந்திருந்தபோது உடம்பு புரிந்துகொண்டது.

உள்ளறைகளில் கோத்தர்களின் மண்பானைகளும் இசைக்கருவிகளும், தேனெடுக்கும் கருவிகளும், கறுப்பும் சிவப்பும் நூலால் பூவேலை செய்த தோடர்களின் புத்துக்குளிப் போர்வையும் இருந்தன. தோடர்கள் பாலும் நெய்யும் தர, கோத்தர்கள் பானையும் இரும்புக் கருவிகளும் செய்து தர, படுகர்கள் தானியம் தர, குறும்பர்கள் தேனும் மூலிகையும் கொண்டுவர என்று, பணம் நுழைவதற்கு முன்பே இந்த மலைக்கு ஒரு பொருளாதாரம் இருந்திருக்கிறது. இந்த மலையின் பழங்காலக் கல்லறைகளை நீலகிரியின் முதல் ஆணையர் ஜேம்ஸ் வில்கின்சன் பிரீக்ஸ் தோண்டி எடுத்த பொருள்கள் இன்று சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. பொருள்களும் பிறப்பிடத்தை விட்டு வேறெங்கோதான் கண்ணாடிப் பெட்டிக்குள் போகின்றன போலும்.

பணியர், காட்டுநாயக்கர் பகுதியில் நான் நெடுநேரம் நின்றேன். அவர்கள் வாழும் கூடலூர், பந்தலூர்ப் பக்கத்தில்தான் எங்கள் மக்கள் பலர் குடியேற்றப்பட்டார்கள். 1964 அக்டோபர் 30 அன்று சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் கையெழுத்திட்ட ஒப்பந்தம், இலங்கை மலையகத்தில் நாடற்றவர்களாக்கப்பட்டிருந்த 9,75,000 பேரில் 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்க வேண்டும் என்றது. எஞ்சிய 1,50,000 பேரை 1974இல் இரு நாடுகளும் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொண்டன. இங்கே வந்தவர்களுக்கு வேலை கொடுப்பதற்காக வனத்துறை நிலத்தில் தேயிலை நடப்பட்டது. அதுதான் இன்றைய டான்டீ என்ற அரசுத் தேயிலைத் தோட்டக் கழகம். எங்கள் வீட்டில் அந்தக் கதையைச் சொல்லும்போதெல்லாம் கப்பலும் கண்ணீரும் வரும், வெட்டப்பட்ட காடு வராது. அந்தக் காட்டில் தேனெடுத்துக்கொண்டிருந்தவர்களும் வரமாட்டார்கள். வந்தவர்கள் யாரும் காட்டைக் கேட்டு வரவில்லை என்பது உண்மைதான். என்றாலும் அந்தப் பொருள்களின் முன்னால் நின்றபோது, அதை ஒரு பதிலாகச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

வருகைப் பதிவேட்டில் பெயருக்கு அடுத்த கட்டம் "ஊர்". ஹட்டன் என்று எழுதி, அடித்துவிட்டுக் கோயம்புத்தூர் என்று எழுதி, மறுபடியும் அடித்து, கடைசியில் இரண்டையும் எழுதினேன். அந்தப் பக்கத்திலேயே அசிங்கமான வரி என்னுடையதுதான்.

இரண்டரை மணிக்கு வெளியே வந்தபோது, எமரால்டு மலைகளுக்குப் பின்னால் வானம் ஈயம் பூசிய பாத்திரம் போல ஆகியிருந்தது. ஊட்டி பஸ் நிலையத்தை அடைவதற்குள் மழை பிடித்துக்கொண்டது. தூறல், சாரல் என்ற படிகளையெல்லாம் தாண்டி, எடுத்த எடுப்பிலேயே கொட்டியது. கோவைக்குப் போகும் பஸ் புறப்படாமல் நின்றது. குன்னூருக்குக் கீழே மலைப்பாதையில் மரமும் மண்ணும் விழுந்திருப்பதாகவும், சரிசெய்யும்வரை வண்டிகளைக் கோத்தகிரி வழியாகத் திருப்பி விடுவதாகவும் சொன்னார்கள். நான்கரை மணிக்கு ஒரு கோத்தகிரி பஸ்ஸில் கூட்டத்தோடு கூட்டமாக ஏறினேன். அப்போதும் சின்னம்மாயி வீட்டுக்குப் போகும் எண்ணம் எனக்கு இல்லை. கோத்தகிரியில் இறங்கி மேட்டுப்பாளையத்துக்கு வேறு பஸ் பிடித்துவிடலாம் என்றே நினைத்தேன்.

தொட்டபெட்டாச் சந்திப்பைத் தாண்டியதும் பனியும் மழையும் ஒன்றாகிவிட்டன. முகப்பு விளக்கின் வெளிச்சம் இரண்டு கஜத்துக்கு மேல் போகவில்லை. ஓட்டுநர் சன்னலைத் திறந்து தலையை வெளியே நீட்டிச் சாலையோரத்து வெள்ளைக் கோட்டைப் பார்த்தே வண்டியை நகர்த்தினார். காற்று பக்கவாட்டில் மோதும்போதெல்லாம் பஸ்ஸின் தகரம் முழுவதும் அதிர்ந்தது. திடீரென்று, பெரிய துணியைக் கிழித்தாற்போல் ஓர் ஓசை. வண்டிக்கு முன்னால் கொஞ்ச தூரத்தில் ஒரு கற்பூர மரம் சாலையின் குறுக்கே படுத்துவிட்டது. ஒரு கணம் பஸ்ஸுக்குள் பேச்சே இல்லை. அடுத்த கணம் திறந்த கதவு வழியாகத் தைலத்தின் நெடி நிறைந்தது. தலைவலிக்குத் தேய்த்துக்கொள்ளும் அந்த வாசத்தை அவ்வளவு பயத்தோடு நான் முகர்ந்ததில்லை.

அங்கே இரண்டு மணி நேரத்துக்கு மேல் நின்றோம். என் பக்கத்தில் வெள்ளைத் துணி போர்த்திய படுகர் பாட்டி ஒருவர் உட்கார்ந்திருந்தார். காகிதப் பொட்டலத்தைப் பிரித்து, கேட்காமலேயே என் கையில் இரண்டு வர்க்கியை வைத்தார். "சாப்பிடு, பயப்படாத. மரம் விழுந்தா அறுத்துடலாம், மண்ணு விழுந்தாத்தான் கஷ்டம்" என்றார். அவர் ஆறுதலாகத்தான் சொன்னார், ஆனால் என் வயிற்றுக்குள் பிசைந்தது. 2014 அக்டோபர் 29 காலையில் எங்கள் மலையகத்தின் கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியபோது நான் சின்னப் பிள்ளை. அதன் பிறகு பல மாதங்கள் எங்கள் தோட்டத்தில் மழைக்கால இரவுகளில் பெரியவர்கள் யாரும் சரியாகத் தூங்கவில்லை. மேட்டுப் பக்கமாக ஏதாவது உருளும் ஓசை கேட்கிறதா என்று காது கொடுத்துப் படுத்திருப்பார்கள். அந்தப் பழக்கம் எனக்கும் வந்திருக்கிறது என்பதை அந்தப் பஸ்ஸில்தான் அறிந்தேன். எல்லோரும் முன்னால் கிடந்த மரத்தைப் பார்க்க, நான் மட்டும் இடதுபுறத்து மண்சுவரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பாட்டிக்கும் கணக்கு இருந்தது. 2009 நவம்பர் மழையில் குன்னூர், கேத்திப் பக்கம் மண் சரிந்து நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்ததை நேற்று நடந்ததுபோல் சொன்னார். இந்த மலைக்கு இரண்டு மழை. ஆடியில் தென்மேற்கு மழை கூடலூர், அவலாஞ்சிப் பக்கத்தை அடிக்கும். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 820 மில்லிமீட்டர் கொட்டியது அந்த மழைதான். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்கு மழை குன்னூர், கோத்தகிரிச் சரிவுக்கு வரும். எங்கள் மலையகத்திலும் இதே பங்கீடுதான். வைகாசி, ஆனியில் ஹட்டன் நனையும், கார்த்திகை, மார்கழியில் பதுளை நனையும். வங்கக்கடலில் எழும் ஒரே தாழ்வுப் பகுதி சில சமயம் இரண்டு மலையையும் சேர்த்தே நனைத்துவிட்டுப் போகும். சாலைக்காகவும் வீட்டுக்காகவும் சரிவின் அடியை வெட்டிவிட்டு, தண்ணீர் போகும் ஓடையையும் அடைத்துவிட்டால், நீர் குடித்துக் கனத்த மண்ணுக்கு இறங்குவதைத் தவிர வேறு வழியில்லை. இதைத் தேர்வில் ஐந்து மதிப்பெண்ணுக்கு எழுதியிருக்கிறேன்.

தீயணைப்புத் துறையினர் அறுவை இயந்திரத்தோடு வருவதற்குள் ஓட்டுநரும் இளைஞர்கள் சிலரும் அரிவாளால் கிளைகளைக் கழித்திருந்தார்கள். தண்டு துண்டுகளாகி ஓரத்துக்கு உருண்டபோது மணி ஏழு. என் கைப்பேசியில் பதினொரு சதவீதம் மின்னூட்டம் மிச்சம். இனி மேட்டுப்பாளையத்துக்குப் பஸ் இருக்காது என்று நடத்துநர் சொன்னபோது, அம்மாயி எப்போதோ அனுப்பி நான் பத்திரப்படுத்தி வைத்திருந்த எண்ணை அழைத்தேன். "நான் ஹட்டன்லேருந்து..." என்று தொடங்கியதும், மறுமுனையிலிருந்த மாமா பெயரைக்கூடக் கேட்கவில்லை. "எங்க நிக்கிற, அங்கேயே இரு" என்றார்.

கோத்தகிரி பஸ் நிலையத்தில் டார்ச் விளக்கும் இரண்டு குடையுமாக அவர் நின்றிருந்தார். மின்சாரம் இல்லை. வெள்ளைக்காரர் காலத்தில் கோயம்புத்தூர் கலெக்டராக இருந்த ஜான் சல்லிவன் தன் முதல் பங்களாவைக் கட்டிய கன்னேரிமுக்கு இங்கிருந்து இரண்டு கிலோமீட்டர்தான் என்றும், அது இப்போது அருங்காட்சியகம் என்றும், காலையில் வேண்டுமானால் காட்டுகிறேன் என்றும் நடந்துகொண்டே சொன்னார். நனைந்த காலணிக்குள் விரல்கள் இருக்கின்றனவா என்றே தெரியாத நிலையில் நான் அதற்கும் சரி என்றேன்.

சின்னம்மாயி வாசலிலேயே மெழுகுவர்த்தியோடு நின்றார். என் முகத்தருகே வெளிச்சத்தைக் கொண்டுவந்து பார்த்துவிட்டு, "அக்கா மூக்கு" என்று மட்டும் சொன்னார். அத்தை அடுப்பில் ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தார். கூடவே தேங்காய்ச் சம்பல். ஒன்றரை ஆண்டாக விடுதியில் சம்பல் என்றால் என்னவென்று விளக்கி விளக்கி ஓய்ந்துபோயிருந்த எனக்கு, ஒரு தமிழ்நாட்டு அடுப்பங்கரையில் யாருக்கும் விளக்காமலேயே அது தட்டில் வந்து விழுந்தது. பால் இல்லாத பிளேன் டீயும் சீனியும் தனித்தனியாக வந்தன. உள்ளங்கையில் சீனியை வைத்து நக்கிக்கொண்டே குடித்தேன், ஊரில் குடிப்பது போல.

கம்பளி எடுப்பதற்காக அவர் மூலையில் இருந்த தகரப்பெட்டியைத் திறந்தார். பச்சைப் பெயின்ட் பாதி உரிந்திருந்தது. மூடியில் வெள்ளை எழுத்தில் அவர் கணவரின் பெயர், எங்கள் தோட்டத்தின் பெயர், கீழே "மண்டபம்" என்ற சொல். ஹட்டனிலிருந்து தலைமன்னாருக்குக் கோச்சி, அங்கிருந்து ராமேஸ்வரத்துக்குக் கப்பல், பிறகு மண்டபம் முகாம் என்று போனது அந்தப் பெட்டி. அந்தக் கோச்சியை அம்மாயி அழுகைக் கோச்சி என்றே சொல்வார். காலையில் பார்த்த கண்ணாடிப் பெட்டிகளில் எதற்குள்ளும் வைக்கத் தகுதியான பொருள் என்று எனக்குத் தோன்றியதைச் சொல்லியும் விட்டேன். சின்னம்மாயிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "இதக் குடுத்துட்டா கம்பளிய எலிக்கா குடுக்கச் சொல்ற?"

மாமாவின் கைப்பேசியில் அம்மாயியை அழைத்தோம். அங்கேயும் அன்று அதே மழை. பாதையில் மண் விழுந்து கொழும்பு பஸ் வரவில்லையாம். அக்காவும் தங்கையும் அழுவார்கள் என்று நான் எதிர்பார்த்துக் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தேன். இருவரும் மாதம் ஒருமுறையாவது பேசிக்கொள்பவர்கள்தான் என்பதும், என்னைத் தவிர மற்ற எல்லோரும் இந்த வீட்டுக்கு ஏற்கனவே ஒருவகையில் வந்து போய்க்கொண்டுதான் இருந்தார்கள் என்பதும் அப்போதுதான் தெரிந்தது. நான் பெட்டியைப் பற்றிப் பேச்செடுத்ததுதான் தவறு. அது ஹட்டனில் வாங்கியது என்றார் அம்மாயி. நாவலப்பிட்டியில் வாங்கியது, விலைகூட ஞாபகம் இருக்கிறது என்றார் சின்னம்மாயி. அப்பா உயிரோடு இருந்தால் கேட்டுச் சொல்வார் என்றார் அம்மாயி. அப்பாதான் என்னோடு நாவலப்பிட்டிக்கு வந்தார் என்றார் இவர்.

மெழுகுவர்த்தியின் பக்கத்தில் குறிப்பேட்டைத் திறந்து வைத்து உலர்த்தினேன். ஈரத்தில் மை ஊறி, பிறப்பிடப் பத்தி முழுவதும் நீலமாகக் கலங்கியிருந்தது. காட்டுப்பூவரசுக்கு நேராக "நீலகிரி, இலங்கை" என்று நான் எழுதியிருந்ததை ஓரளவுக்குப் படிக்க முடிந்தது. அதை மறுபடியும் தெளிவாக எழுதிக்கொண்டிருந்தபோது, சின்னம்மாயி கைப்பேசியை என் பக்கமாக நீட்டி, "நீயே சொல்லு புள்ள, ஹட்டன்ல அந்தக் காலத்துல தகரக் கடை ஏது?" என்று என்னைச் சாட்சிக்கு இழுத்தார்.